மீசை தெரிய வேண்டும்

தொடக்கூடாது. தொட்டால் போச்சு. ஸ்பின்னிங் மாஸ்டர் தேவசிகாமணி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். மில்லை விட்டு வந்து வருஷக்கணக்காகிவிட்ட மனுஷன், சொந்த வீட்டில், சொந்த மேஜைக்கு முன்னால், சொந்தக் கையையே சிறை வைத்திருக்கிறான். வேறு வழியில்லை. வெளியே விட்டால் அது போய்த் தொடும். மேஜையில் விரித்த செய்தித்தாளின்மேல் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வெள்ளி விமானம். பிளாஸ்டிக். நாட் என்று பெயர், ஒரு வகைக் கொசு என்று அர்த்தமாம். சண்டைக்குப் போகிற விமானத்துக்குக் கொசுவின் பெயரை வைத்தவன் கெட்டிக்காரன், பீளமேட்டில் குடியிருந்திருப்பான். கொசுவின் முதுகில் பாதாம்பருப்பு அளவுக்கு ஒரு கண்ணாடி மூடி. பைலட் தலைக்குமேல் கவிழ்கிற மூடி. இப்போதுதான் வைத்தார். மூக்கிலும் வாயிலும் துண்டைக் கட்டி, மூச்சை அடக்கி, பல்குச்சி நுனியில் ஃபெவிகாலைத் தொட்டு, விளிம்பைச் சுற்றி மாக்கோலம் இழுக்கிற மாதிரி இழுத்து, இடுக்கியால் மூடியைத் தூக்கி, வைத்தாயிற்று. சுற்றிலும் வெள்ளையாகத் தெரிகிறது. காய்ந்தால் தெரியாது. காய வேண்டும். எப்போது காயும், சாயங்காலம் காயும். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரமே இன்னும் காயவில்லை, அதற்குள் என்ன சாயங்காலம். மில்லில் இழை அறுந்தால் மிஷினைப் பார்த்துக்கொள்கிற சைடர் பெண் ஓடிவந்து கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு திருகு திருகுவாள், ஒட்டிக்கொள்ளும். கண் மூடித் திறப்பதற்குள். அதற்குமேல் நேரம் எடுத்தால் இவர் பின்னால் போய் நிற்பார். நின்றால் போதும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. திறந்தாலும் அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும். வாழ்நாள் முழுக்க அப்படிக் கண் மூடித் திறப்பதற்குள் ஒட்டியவன், இன்றைக்குத் தச்சன் பசைக்கு முன்னால் கைகட்டி, இல்லை, கைமேல் உட்கார்ந்து, ச்சே.

டிராயரில் சூப்பர் க்ளூ இருக்கிறது. அது இருப்பதை நினைக்கக்கூடாது. நினைத்தாயிற்று. சின்ன ட்யூப், கழுத்து சாய்ந்து, மூடி ட்யூபோடே ஒட்டிக்கொண்டு, ஊசியால் குத்தினால் ஒரு துளி வரும், அந்தத் துளி ஒரு நொடியில் எதையும் எதோடும் ஒட்டும், போன தடவை அவரை மேஜையோடு ஒட்டியது. ஆனால் கண்ணாடிக்கு ஆகாது. அது அவருக்குப் பட்டுத் தெரிந்த பாடம். இதற்கு முன்னால் கை பழக வாங்கி ஒட்டிய முதல் விமானம், ஒரு பயிற்சி விமானம், அதன் கண்ணாடியை சூப்பர் க்ளூவால் ஒட்டி, ஒரு நொடியில் முடித்துவிட்டேன் பார் என்று கைதட்டித் தூசி உதறிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தால் கண்ணாடி இல்லை. இருந்தது, ஆனால் சுண்ணாம்பு அடித்த மாதிரி. தன் மூச்சுக்காற்றுதான் படிந்துவிட்டது என்று வேட்டி நுனியால் துடைத்தார். மறுநாளும் துடைத்தார். அதற்கும் மறுநாள் வேட்டி நுனி போயிற்று, வெள்ளை போகவில்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அந்தப் பசை காயும்போது கண்ணுக்குத் தெரியாத ஆவி விடுமாம். அந்த ஆவி வேறெங்கும் போகாமல் நேராகக் கண்ணாடியில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். பெருமாள் கோயில் வாசலில் செருப்புத் திருடுகிறவன் நம் புதுச் செருப்பையே எடுக்கிற மாதிரி, அத்தனை இடம் இருக்க, சரியாக அங்கே. நாகரத்தினம் கண்ணாடியை எட்டிப் பார்த்து, "தயிராடை மாதிரி இருக்குதுங்க" என்றாள். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தினவள் சொல்கிற ஆறுதல்.

அதனால் ஃபெவிகால். அதனால் பொறுமை. பொறுமை. அந்தச் சொல்லைத்தான் சொன்னான் சென்னியப்பன். சொன்னார். சம்பந்தி. மகளைக் கொடுத்த இடம், மனசுக்குள்ளாவது மரியாதை வேண்டும் என்று நாகரத்தினம் சொல்லியிருக்கிறாள். விமானப்படையில் விங் கமாண்டராக இருந்து, சூலூரிலேயே வீடு கட்டி, வீட்டுக்குள்ளும் ஷூ போட்டு நடக்கிற மனுஷர். மீசை இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி, இன்னும் கொஞ்சம் விட்டால் அதிலேயே பறக்கலாம். போன வருஷம் இவருக்கு இடது கண்ணில் புரை எடுத்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு இந்த விமானப் பெட்டியையும் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். "நான் ஓட்டின விமானம் மாஸ்டர். துண்டு துண்டா இருக்கும், ஒட்டணும். பொழுது போகும். பொறுமை வேணும், ஆனா." அந்த ஆனா. வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் ஒரு ஆனா. ஆணி மாதிரி. பொறுமை வேணும் என்று சொன்னால் அது புத்திமதி. ஆனா என்று முடித்தால் அது என்ன, உனக்கில்லை என்று அர்த்தம். இவர் பச்சைத் துணி கட்டின கண்ணோடு "ம்" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். முடித்துக் காட்ட வேண்டும். ஆனால் அதுகூடப் பரவாயில்லை. ஆறு மாசத்துக்கு முன்னால் நடந்த அவினாசிக் கல்யாணம்தான். மண்டப வாசலில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஊர் பார்க்க, இவர் இரண்டு கையையும் தூக்கி "வாங்க சம்பந்தி" என்று கும்பிடுகிறார், அந்த ஆள் இரண்டடி தூரத்தில், நேருக்கு நேர் பார்த்து, பார்த்து, கடந்து போய்விட்டார். ஷூ சத்தம் டக் டக்கென்று. தூக்கின கையை என்ன செய்வது. அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியைத் தடவினார். தலையில் முடி இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவன் சிரித்தான். யாருக்கும் சொல்லவில்லை, நாகரத்தினத்துக்கும். கும்பிட்டது கும்பிட்டதுதான், வாங்கிக்கொள்ளாத கும்பிடு செல்லாத நோட்டு, அதை எங்கே போய் மாற்றுவது.

இன்றைக்கு மாற்றலாம். பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் பேச இன்றைக்குச் சாயங்காலம் வருகிறார். வரட்டும். வந்து இந்த மேஜைக்கு முன்னால் நிற்கட்டும். கொசுவைப் பார்க்கட்டும். குனியட்டும். கண்ணாடி மூடி பளிங்கு மாதிரி இருக்கும், உள்ளே அரை இஞ்சு உயரத்தில் பைலட் உட்கார்ந்திருப்பான், அவன் மூக்குக்குக் கீழே ஒற்றை முடித் தூரிகையால் இவர் வரைந்த மீசை இருக்கும். இரண்டு பக்கமும் இறக்கை. நாலு நாள் ஆயிற்று அந்த மீசைக்கு. மூன்று முறை அழித்து வரைந்தார், ஒரு முறை புருவமாகப் போய்விட்டது. தன் மீசையைத் தானே கண்ணாடிக்குள் பார்க்கிற மனுஷன் என்ன பேச முடியும். ஒன்றும் பேச முடியாது. அப்போது இவர் மெதுவாக, மேஜையைத் துடைத்துக்கொண்டே, சும்மா சொல்கிற மாதிரி சொல்வார்: "பொறுமை வேணுமுங்க சம்பந்தி." அவ்வளவுதான். அதை இப்போதே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். துண்டுக்குள் முனகலாகத்தான் வந்தது.

"யாருகிட்டப் பேசறீங்க?" நாகரத்தினம் வாசற்படியில் நின்றாள், கையில் பணியாரக் கம்பி.

"யாருமில்லை. கதவைச் சாத்து. காத்து வருது."

"காத்து வந்தாக் காயாதுங்களா?"

"தூசி."

அவள் உள்ளேயே வந்துவிட்டாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்றே எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் சட்டம் தெரியும். "அழகா இருக்குதுங்க. ஒரு பொட்டு வெச்சிரலாம். புது வண்டிக்குப் பொட்டு வெக்காம எப்படி?"

"இது சண்டை விமானம்."

"அப்ப எலுமிச்சம்பழமும் வெக்கோணும்." சிரித்துக்கொண்டாள். "சம்பந்தி அண்ணன்கிட்டப் போன்ல சொல்லிட்டனுங்க. உங்க மீசையை அப்படியே வரைஞ்சு வெச்சிருக்கறாரு, முறுக்குக்கூட இருக்குதுன்னு. ரொம்ப சந்தோசப்பட்டாரு."

தேவசிகாமணி அவளைப் பார்த்தார். மில்லில் இந்தப் பார்வைக்கு ரிங் பிரேம் மிஷினே நிற்கும். "உன்னை யாரு சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் சொன்னேன்." பணியாரம் கருகுகிற வாசனை வந்தது. போய்விட்டாள்.

சொல்லிவிட்டாள். போச்சு. வந்து திடீரென்று பார்க்க வேண்டியதைத் தெரிந்துகொண்டு வந்து பார்க்கப் போகிறார். இருந்தாலும் தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு, பார்ப்பது வேறு. கண்ணால் பார்த்தால்தான். கண். இந்தக் கண் இல்லையென்றால் மீசை ஏது, கொசு ஏது. புரை எடுப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று வருஷம் இவருக்கு உலகமே தயிராடைதான். ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணாடி அழுக்கு என்றார், மழை மூட்டம் என்றார், பல்பு மாற்றச் சொன்னார். டவுன்ஹாலில் ஜவுளிக்கடை வாசலில் ஒரு பெண்மணி பட்டுப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள், பார்த்த முகமாக இருந்தது, "நல்லா இருக்கீங்களா, வீட்ல சௌக்கியமா" என்று கேட்டார், பதில் வரவில்லை, மரியாதை தெரியாதவள் என்று நாகரத்தினத்திடம் சொன்னார். "அது பொம்மைங்க" என்றாள். தெரியும், சும்மா கேட்டேன் என்றார். பொம்மையிடம் யாராவது சும்மா கேட்பார்களா. டம்ளருக்குப் பக்கத்தில் காப்பியை ஊற்றினார். வேண்டுமென்றேதான் ஊற்றினேன், சூடாக இருந்தது என்றார். கண்ணில்லாதவனுக்கு ஊர்ப்பட்ட காரணம் இருக்கும். கண் இருக்கிறவனுக்குத்தான் ஒன்றும் இருக்காது. வலது கண் பரவாயில்லை, இன்னும் வருஷம் போகட்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இதெல்லாம் எதற்கு இப்போது. பசை. பசை என்ன ஆயிற்று. வெள்ளை. இன்னும் வெள்ளை. ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கல் மாதிரி, காய ஆரம்பித்துவிட்டதோ, விரல் நுனியால் லேசாக, தொடக்கூடாது. பல்லில் மத்தியானத்துக் கீரை நார். நாக்கால் துழாவினார். போகவில்லை. எந்த வேலையும் இல்லாதபோது நாக்குக்கு அதுதான் வேலை. வலது கையை மட்டும் ஜாமீனில் விட்டார். துண்டைக் கழுத்துக்கு இறக்கினார். பார்வையை மூடியிலிருந்து எடுக்காமலேயே, ஜன்னல் ஓரத்து டம்ளரிலிருந்து ஒரு பல்குச்சியை உருவி, வாய்க்குள் விட்டு, கடைவாய்ப் பல் இடுக்கில் ஒரு நெம்பு. மொத்தையாக இருந்தது. பெயிண்ட் வாசனை. எடுத்துப் பார்த்தார். குச்சி நுனியில் ஒரு ஆள்.

அரை இஞ்சு ஆள். மீசை வைத்த ஆள். மீசை காய வேண்டும் என்று நேற்று இவரே குச்சியில் குத்தி டம்ளரில் நிறுத்தி வைத்த ஆள். அப்படியானால் உள்ளே இருப்பது யார். குனிந்து மூடிக்குள் பார்த்தார். இருக்கை இருந்தது. இருக்கையின் தலைப்பக்கம் இருந்தது, அதைத்தான் இத்தனை நேரம் தலை என்று நினைத்திருக்கிறார். ஆள் இல்லை. விங் கமாண்டருக்கு ஆளில்லாத விமானம். அவருடைய விமானத்தைக் கட்டி அவரையே வெளியில் விட்டுவிட்டு மூடியையும் மூடிக்கொண்டாயிற்று. இதைவிட ஒரு சம்பந்தியை என்ன செய்ய முடியும். பல்குச்சியில் குத்தி வாயில் வைத்துக் கடிக்கலாம், அதையும் செய்தாயிற்று. மீசையைப் பார்த்தார். தப்பித்திருந்தது. ஒரு முறுக்கில் மட்டும் கொஞ்சம் கீரை.

போன் அடித்தது. மில் இரைச்சலில் பாதி போன காது, அவருக்குக் கேட்காது. அடுப்படியிலிருந்து நாகரத்தினத்தின் குரல் கேட்டது, அது எந்த மில்லிலும் கேட்கும். "அண்ணன் ஹோப் காலேஜ் வந்துட்டாராமுங்க. இருட்டறதுக்குள்ள திரும்பணுமாம், அதனால வெள்ளெனவே கெளம்பிட்டாராம்."

ஹோப் காலேஜ் ஸ்டாப் என்றால் இங்கே, கூப்பிடு தூரம். ராணுவத்துக்காரன் சாயங்காலம் என்றால் மத்தியானம் வருவான். இருட்டறதுக்குள் திரும்ப வேண்டுமாம், எதிரி நாடா இது. இப்போது என்ன செய்வது. மூடியை எடுக்க வேண்டும், எடுத்தார், ஃபெவிகால் இன்னும் காயாததில் முதல் முறையாகச் சந்தோஷப்பட்டார், கூழ் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. ஈரத் துணியால் துடைத்தார். ஆளைக் குச்சியிலிருந்து பிடுங்கினார். கீரையைத் துடைத்தார். இருக்கையில் வைத்தார், ஆள் பக்கவாட்டில் சாய்ந்தான், குடித்துவிட்டு ஓட்டுகிற மாதிரி. நிமிர்த்தினார். சாய்ந்தான். இப்போது ஃபெவிகால் வைத்து, ஆள் காய்ந்து, அப்புறம் மூடி காய்ந்து, அதற்குள் பேரனுக்குக் கல்யாணமே ஆகிவிடும். டிராயர். கூடாது. ஒரே துளி. கூடாதென்றால் கூடாது. ஆளுக்கு மட்டும், கண்ணாடிக்கு இல்லை, கண்ணாடியில் படாமல், ஆள் பின்பக்கம் மட்டும் ஒரு ஊசி நுனி. ஆவி. ஊசி நுனிக்கு என்ன பெரிய ஆவி. கை டிராயரைத் திறந்துவிட்டிருந்தது. இதற்குத்தான் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு துளி, ஆள் நிமிர்ந்தான், கம்பீரமாக. அதைப் பார்த்ததும் கை இன்னும் துணிந்தது. முன்பக்கமும் சுற்றிலும் புது ஃபெவிகால், பின்பக்கம் மட்டும், மூடி நகராமல் இருக்க, இந்த மூலையில் ஒரு பொட்டு க்ளூ, அந்த மூலையில் ஒரு பொட்டு. இடுக்கி எங்கே. இடுக்கி கிடைக்கவில்லை. கட்டைவிரலாலேயே மூடியை எடுத்து, கவிழ்த்து, அழுத்திப் பிடித்துக்கொண்டார். மூச்சு விட்டார். எத்தனை நேரமாக அடக்கியிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. பளிங்கு. உள்ளே ஆள். மூக்குக்குக் கீழே மீசை. இரண்டு இறக்கையும் தெரிகிறது. ஜெயித்தாயிற்று. ஒரு நொடியில் ஒட்டுகிறவன்டா நான். அந்தப் பெருமை எவ்வளவு நேரம் இருந்தது என்றால், கை கழுவி, சட்டை மாற்றி, செய்தித்தாளை மடித்து எடுத்துவிட்டு, திரும்பி மேஜையைப் பார்க்கும்வரை இருந்தது.

முதலில் வெளிச்சம் என்று நினைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். கிட்டே வந்தார். மூடிக்குள் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஊட்டியில் மார்கழியில் இறங்குமே அப்படி, அவசரமில்லாமல், மூலையிலிருந்து நடுவுக்கு. ஆளின் கால் போயிற்று. மார்பு போயிற்று. மீசையின் இடது இறக்கை போயிற்று. வலது இறக்கை கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. அதுவும் போயிற்று. ஊதினார். ஊதக்கூடாது. ஊதிவிட்டார். கடைசியில் வெள்ளை வெளேரென்ற மூடியின் நடுவில் வேறொன்று மெல்ல எழுந்து வந்தது. வளைவு வளைவாக, சுழி சுழியாக, கோடுகள். கட்டைவிரல் ரேகை. அந்த ஆவி விரல் பட்ட இடத்தைத் தேடிப் பிடித்து இன்னும் அழுத்தமாக எழுதிக் காட்டுகிறது. பி.எஸ்ஸி. படித்து, ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து, ஆயிரம் பேருக்கு வேலை சொன்ன மனுஷன், கடைசியில் ஒரு கொசுவின் முதுகில் கைநாட்டு வைத்திருக்கிறான். இப்படிக்கு, பொறுமையில்லாதவன். ஒளித்துவிடலாமா. பீரோவுக்குப் பின்னால். இன்னும் முடியவில்லை சம்பந்தி என்று சொல்லிவிடலாமா. அவள்தான் மீசை, முறுக்கு, எல்லாம் சொல்லிவிட்டாளே. வாசலில் ஏதோ உடைந்தது. அவருக்கே கேட்டதென்றால் பெரிதாகத்தான் உடைந்திருக்க வேண்டும்.

மல்லிகைத் தொட்டி. கேட்டுக்கு அந்தப் பக்கம் சுவரோரமாக, யாருடைய வழியிலும் இல்லாமல் இருந்த தொட்டி. சென்னியப்பனின் காரின் முன்சக்கரம் அதன்மேல் ஏறி நின்றது. சென்னியப்பன் இறங்கி, கதவைச் சாத்தி, ஷூ சத்தத்தோடு நேராக நடந்து வந்து, "தொட்டியை ரோட்டுல வெச்சா எப்படி அம்மிணி" என்றார். நாகரத்தினம் "ஆமாங்கண்ணா, நாளைக்கு மாத்தறேன்" என்றாள். தொட்டி பத்து வருஷமாக அங்கேதான் இருக்கிறது. தேவசிகாமணி இந்தத் தடவை கும்பிடவில்லை. தலையை மட்டும் அசைத்தார். அதையும் அந்த ஆள் வாங்கிக்கொள்ளவில்லை. சரி. வா. வந்து சிரி. சென்னியப்பன் மேஜைக்கு வந்து, கையை நீட்டி, மேஜையைக் கொஞ்சம் தடவி, விமானத்தைக் கண்டுபிடித்து எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கழுத்தை அந்தப் பக்கம் சாய்த்தார், இந்தப் பக்கம் சாய்த்தார். தேவசிகாமணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மில்லில் முதலாளி வந்து நூலைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதுகூட இப்படிப் பிடித்ததில்லை.

"அடடா" என்றார் சென்னியப்பன். "கண்ணாடின்னா இது கண்ணாடி. என்னா தெளிவு. மீசைகூடத் தெரியுது மாஸ்டர். முறுக்கு வரைக்கும்."

நாகரத்தினம் மூடியைப் பார்த்தாள். சம்பந்தியைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். தேவசிகாமணி உள்ளங்கையைக் கீழே காட்டி ஒரு அழுத்து அழுத்தினார். மிஷினை நிறுத்து என்று அர்த்தம். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கிண்டலா. முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை. கிண்டல் செய்கிறவன் கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பான். இந்த ஆள் கண்ணாடியையே பார்க்கவில்லை. வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாலுக்கும் கொஞ்சம் அந்தப் பக்கம். கண்ணை இடுக்கி, முகத்தில் ஒரு தெம்பை வரவழைத்து, எல்லாம் தெரிகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு. இந்த ஆட்டல் எங்கேயோ பார்த்தது. எங்கே. ஜவுளிக்கடை வாசலில். நல்லா இருக்கீங்களா, வீட்ல சௌக்கியமா. அப்படியானால் தொட்டி. அப்படியானால் இருட்டறதுக்குள் திரும்புவது. அப்படியானால் அவினாசி, சந்தனக் கிண்ணம், தூக்கின இரண்டு கை. பார்த்துப் பார்த்துக் கடந்து போனது. பார்க்கவேயில்லையா. மண்டப வாசலில் இந்த ஆளுக்கு நான் யார், ஒரு தூண், ஒரு வாழைமரம். வாழைமரத்தை யார் கும்பிடுவார்கள். ஆறு மாசமாக நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த பாரம், அதில் எடையே இல்லை. கோபமாக வந்தது. இத்தனை நாள் இந்தக் கோபத்துக்குச் சாப்பாடு போட்டு வளர்த்திருக்கிறேனே என்று கோபம். இப்போது ஒரு வார்த்தை போதும். மூடி வெள்ளையா இருக்குதுங்களே சம்பந்தி, உங்களுக்குத் தெரியலீங்களா. ஆனாவுக்கு ஆனா, கும்பிடுக்குக் கும்பிடு. நாக்கு நுனியில் வந்து நின்றது, கீரை நார் மாதிரி. தொடக்கூடாது. தொட்டால் போச்சு.

ஜன்னலுக்கு வெளியே, இறங்குவதற்காகத் தாழ்ந்து ஒரு பெரிய விமானம் போனது. தேவசிகாமணிக்குச் சத்தம் கேட்கவில்லை, கண்ணில் பட்டது. சென்னியப்பன் காதைச் சாய்த்தார். "ஏர்பஸ். பாம்பே ஃப்ளைட்டு. ரெண்டு இன்ஜினும் சுத்தமா இருக்குது. அதோ போறான் பாருங்க." விரல் தென்னை மரத்தைக் காட்டியது. விமானம் தண்ணீர்த் தொட்டிக்குமேல் போய்க்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றார் தேவசிகாமணி, தென்னை மரத்தைப் பார்த்து. கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு என்ன வேலை உங்களுக்கு?" என்றார்.

"எனக்கென்ன வேலை. பேப்பர் படிக்கறதுதான்."

"கண்ணாஸ்பத்திரி போகணும். எனக்கு வலது கண்ணு பாக்கி இருக்குது. மங்குது. தனியாப் போக ஒரு மாதிரி இருக்குது. நீங்க வாங்க."

"வலது கண்ணு நல்லாருக்குதுன்னு போன மாசம்தானுங்க டாக்டரு..." என்றாள் நாகரத்தினம். உள்ளங்கை மறுபடி கீழே போயிற்று. அவள் பணியாரம் எடுக்கப் போனாள்.

"நான் எதுக்கு மாஸ்டர்?"

"துணைக்கு. அங்க துணைக்கு வந்தவங்களையும் சும்மா உக்கார வெக்க மாட்டாங்க. சொட்டு மருந்து போட்டுப் பார்த்திருவாங்க. பழக்கம்."

சென்னியப்பன் விமானத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மீசை ஒருமுறை மேலேறி இறங்கியது. "ஊசி போடுவாங்களா?" என்றார், சின்னக் குரலில். தேவசிகாமணிக்கு அது கேட்டது. எப்படிக் கேட்டதென்று தெரியவில்லை.

"எறும்பு கடிச்ச மாதிரி. எனக்குத் தெரியவேயில்லை." பொய். ஆஸ்பத்திரியே அதிர அலறினார்.

"அப்ப வரேன்."

நாள் பேசி, தை மாசத்தில் ஒரு முகூர்த்தம் குறித்து, பணியாரம் தின்று, காப்பி குடித்தார்கள். காப்பியை நாகரத்தினம் டம்ளரில் ஊற்றிக் கையிலேயே கொடுத்தாள், மேஜையில் வைக்கவில்லை. யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கிளம்பும்போது சென்னியப்பன் சட்டைப்பையைத் தடவினார், பேண்ட்டைத் தடவினார். மேஜையில் அவர் வைத்த கார் சாவி அதற்குள் தேவசிகாமணியிடம் போயிருந்தது.

"நான் கொண்டாந்து விடறேன்."

"கண்ணு மங்குதுன்னீங்க?"

"இடது கண்ணுல ஓட்டுவேன்."

விமானத்தையும் எடுத்துக்கொண்டு சம்பந்தி காருக்குள் ஏறப்போகும்போது நாகரத்தினம் குங்குமச் சிமிழோடு ஓடிவந்தாள். சண்டை விமானம் என்று இவர் சொல்வதற்குள் பொட்டு வைத்துவிட்டாள், மூடியின் நடுவில், கைநாட்டின்மேல், சரியாக. இவர் சண்டை போடவில்லை. சக்கரம் தொட்டியிலிருந்து இறங்கியது. அவினாசி ரோடு நெரிசலில் வண்டி ஊர்ந்தது. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள், அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் விங் கமாண்டர், மடியில் விமானத்தோடு உட்கார்ந்து வந்தார். அவருடைய கட்டைவிரல் மெல்ல இறக்கையிலிருந்து ஏறி, முதுகைத் தடவி, மூடியின் முன்விளிம்பை நோக்கிப் போவதை இவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அங்கே இன்னும் ஃபெவிகால் ஈரமாக இருந்தது.

"தொடாதீங்க. காயணும்."

விரல் நின்றது. "எவ்வளவு நேரம் ஆகுமுங்க?"

சிக்னல் சிவப்பாக இருந்தது. அந்த வாக்கியத்தை இவர் ஆறு மாசமாகத் தீட்டி வைத்திருந்தார். இப்போது அது தானாகவே வெளியே வந்தது, வேறு யாரோ சொல்வது மாதிரி, மெதுவாக.

"பொறுமை வேணுமுங்க சம்பந்தி."

ஆனா சேர்க்கவில்லை.